திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி: வீட்டுப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கிளை போடுவதும் ஆள் எடுப்பதும்

#1 நொய்யல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வீடுகளுக்குக் கேமரா, வீடியோ டோர் போன், திருட்டு அலாரம், ஸ்மார்ட் லாக் போட்டுத் தரும் நிறுவனம். இப்போது ஆட்கள் 14 பேர். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள வீடுகள் கோவைக்கு வெளியே இப்படி: திருப்பூர் 110, ஈரோடு 45, பொள்ளாச்சி 30.

மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் கிளை திறந்து, 10 பேரைப் புதிதாக எடுப்பது என்று திட்டம். ஒரு கிளைக்கு இன்சார்ஜ் 1, விற்பனை 1, டெக்னீஷியன் 1, மீதி ஒருவர் பொது. கேட்க வேண்டியவை:

1. இந்த ஆள் கணக்கு சரியா?
2. ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ விஷயத்தில் என்ன மாறும்?
3. டெக்னீஷியனை எப்படித் தேர்ந்தெடுப்பது? பயோடேட்டாவில் எல்லோரும் "5 வருட அனுபவம்" என்றுதான் எழுதுகிறார்கள்.
4. கிளைக்கு எவ்வளவு சரக்கு வைப்பது?

#2 பழைய_ஃபோர்மேன்

ஆள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கீங்க சார். கிளைக்கு ரெண்டு பேர் வெள்ளைச் சட்டை, ஏணி ஏற ஒரே ஆள். இந்தத் தொழில்ல கிளை ஓடறதும் மூடறதும் சர்வீஸ் ஆளை வெச்சுத்தான்.

கணக்கு இப்படிப் போடுங்க. ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 4 பராமரிப்பு விசிட்னு வெச்சுக்கலாம். திருப்பூர் 110 வீடு, 440 விசிட். வேலை நாள் 300. அப்போ நாளைக்கு ஒண்ணரை விசிட். ஊருக்குள்ளேயே சுத்தினா ஒரு ஆள் நாளைக்கு 4 விசிட் பார்க்கலாம், அதுக்கு மேல போனா லென்ஸைத் துடைச்சுட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வர்ற வேலைதான் நடக்கும். திருப்பூர்ல பராமரிப்புக்கு ஒரு ஆளோட பாதி நேரம் கூடப் போகாது. மீதி நேரம் பழுது அழைப்புக்கும் புது இன்ஸ்டாலேஷனுக்கும். அங்கே ரெண்டு டெக்னீஷியன் வெச்சா நியாயம்.

ஈரோடு 45 வீடு, வருஷத்துக்கு 180 விசிட். வாரத்துக்கு மூணு நாலுதான். இதுக்குக் கடை, போர்டு, இன்சார்ஜ் எல்லாம் எதுக்கு? ஈரோட்டுலேயே குடியிருக்கற ஒரு டெக்னீஷியன், அவர் வீட்டுல ஒரு பூட்டு போட்ட அலமாரி, அது போதும். 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கறதால கோவையிலிருந்து ஆள் போய் வந்தா ஒரு நாள் போயிடும்ங்கறது உண்மைதான். அதனாலதான் ஆள் அங்கே வேணும்ங்கறேன், கடை வேணும்னு சொல்லலை.

பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். வாரத்துல ஒரு நாள் குறிச்சு வெச்சு கோவையிலிருந்தே பாருங்க.

இன்னொண்ணு. வருஷம் முழுக்க அழைப்பு ஒரே மாதிரி வராது. ஐப்பசி, கார்த்திகைல இடி இறங்கினா ஒரே ராத்திரியில அடாப்டர், எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்குப் பவர் தர்ற பெட்டி), டிவிஆர் (படத்தைப் பதிவு பண்ற பெட்டி) போர்ட்டுன்னு வரிசையா போகும். பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாய் வாயிலேயே இருக்கறதால தென்மேற்குப் பருவத்துலயும் நனையும். ஆடியில அங்கே எவ்வளவு அழைப்பு வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் ஆள் எண்ணிக்கையை முடிவு பண்ணுங்க.

#3 தொழில்_தராசு

ஃபோர்மேன் அண்ணன் சொல்வது சர்வீஸ் பக்கத்துக்குச் சரி. விற்பனைப் பக்கம் அப்படி இல்லை. ஸ்மார்ட் லாக்கை யாரும் போனில் படம் பார்த்து வாங்க மாட்டார்கள். கையில் தொட்டு, விரலை வைத்துத் திறந்து பார்த்தால்தான் பணம் வெளியே வரும். வீடியோ டோர் போனும் அப்படியே. திருப்பூரில் வீடு கட்டுகிறவர்கள் பலரும் பனியன் தொழில்காரர்கள். வீட்டு வேலை திருப்தியாக இருந்தால் அடுத்து அவர்களுடைய கம்பெனிக்கும் கூப்பிடுவார்கள். அந்த ஊருக்குக் கடை வேண்டும்.

ஆனால் மெயின் ரோட்டில் வேண்டாம். 150, 200 சதுர அடி, மரக்கடை, டைல்ஸ் கடை, எலக்ட்ரிகல் கடை இருக்கும் தெரு போதும். வீடு கட்டுகிறவர் எப்படியும் அங்கே வருவார். ஒயரிங் நடக்கும்போதே பைப் விட்டு வைக்கச் சொல்லிவிட்டால் பின்னால் கேசிங் ஒட்டுகிற அசிங்கமும் இல்லை, உங்கள் ஆட்களின் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

டெமோ பலகையில் நான்கு வகைப் பொருள் இருந்தால் போதும்: ஒரு லாக் (கதவுத் துண்டோடு), ஒரு டோர் போன், ஒரு கலர் நைட் விஷன் கேமராவும் ஒரு சாதா அகச்சிவப்புக் கேமராவும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு அலாரம் பேனல். திரை போட்டு இருட்டாக்க ஒரு மூலை இருக்கட்டும். இரவுப் படத்தின் வித்தியாசத்தைக் காட்டினால் விலை பேச்சு பாதியாகக் குறையும்.

#4 கணக்கு_அக்கா

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

ஜிஎஸ்டி: மூன்று ஊரும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் புதிய எண் வேண்டாம். இருக்கிற பதிவிலேயே கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். படிவம் ரெக்-14, இடம் மாறிய அல்லது சேர்ந்த 15 நாளைக்குள். இது முக்கியத் திருத்தம், அதிகாரி ஒப்புதல் தேவை. வாடகை ஒப்பந்தம், மின் ரசீது, உரிமையாளரின் சம்மதக் கடிதம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மின் ரசீதில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர் என்பதுதான் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம். நாளைக்குப் பாலக்காட்டிலோ பெங்களூரிலோ கிளை என்றால் அந்த மாநிலத்தில் தனிப் பதிவு எடுத்தே ஆக வேண்டும்.

கோவையிலிருந்து திருப்பூருக்குச் சரக்கு அனுப்பும்போது ஒரே ஜிஎஸ்டி எண்ணுக்குள் நடப்பதால் வரி இல்லை, டெலிவரி சலான் போதும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் ஈ-வே பில் (சரக்கு போவதை இணையத்தில் பதிந்து எடுக்கும் சீட்டு). "நம்ம சரக்குதானே" என்று வெறும் கையோடு வண்டியில் கேமரா பெட்டி ஏற்றி அனுப்பி, வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது.

ஈஎஸ்ஐ: 10 பேர் தாண்டியதால் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. நிறுவனம் 3.25 சதவீதம், ஊழியர் 0.75 சதவீதம். கிளைக்கு உப-குறியீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் அந்த ஊர் மருந்தகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். ஏணியில் இருந்து விழுகிற தொழில் இது. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் ஈஎஸ்ஐக்குள் வரும். சேர்ந்த முதல் நாளே பெயர் பதியாமல் "மாசக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விட்டால், இடையில் விபத்து நடந்தால் செலவு முழுக்க உங்கள் தலையில்.

பிஎஃப்: இதுதான் உங்களுக்கு மாறப் போவது. 14 + 10 = 24. 20 பேர் ஆனதும் பிஎஃப் கட்டாயம். கிளை வேறு ஊரில் இருப்பதால் தனித்தனியாக எண்ணலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்காதீர்கள். கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம்தான். ஒருமுறை பொருந்திவிட்டால் பிறகு ஆட்கள் 20க்குக் கீழே குறைந்தாலும் தொடரும்.

ஓர் ஊழியருக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். மொத்தம் 18,000, அதில் அடிப்படை 15,000 என்று உதாரணத்துக்கு வைத்தால்: பிஎஃப் நிறுவனப் பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம் = 1,950. ஈஎஸ்ஐ 585. ஆக 20,535. இதன் மேல் போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், பணிக்கொடைக்கு ஒதுக்கீடு, பெட்ரோல், போன். 18,000 சம்பள ஆளை 18,000 என்று திட்டத்தில் எழுதிய கிளைகளெல்லாம் ஆறாம் மாதம் கையைப் பிசையும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளை ஏற்றிக் காட்டும் பழைய வித்தையும் செல்லாது: மொத்தத்தில் பாதிக்கு மேல் படியாக இருந்தால் மிகுதி சம்பளமாகவே கணக்கிடப்படும்.

தொழில் வரி அந்தந்த உள்ளாட்சிக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. திருப்பூர் ஊழியருக்கு திருப்பூர் மாநகராட்சியில் கட்ட வேண்டும், கோவையில் அல்ல. வீட்டு மின் இணைப்பு உள்ள அறையில் கடை வைத்தால் மின்வாரியம் கட்டண வகையை மாற்றி அபராதமும் போடும்; வணிக இணைப்பா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

#5 நொய்யல்வாசி

நன்றி அக்கா. 20 பேர் விஷயம் திட்டத்திலேயே இல்லை, சேர்த்துவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: செக்யூரிட்டி நிறுவனம் என்றாலே தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தில் உரிமம் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். கேமரா போடுவதற்குமா?

#6 ரிட்டயர்டு_எஸ்ஐ

கேமரா, அலாரம் பொருத்தித் தருவதற்கு வேண்டாம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆளையோ சொத்தையோ காவல் காக்கும் சேவைக்கானது. நீங்கள் காவலாளி அனுப்பினால், அல்லது அலாரம் அடித்ததும் எங்கள் காவலர் வருவார் என்று விற்றால், உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது.

அந்தப் பக்கம் போக நினைத்தால் தெரிந்துகொள்ள வேண்டியவை: உரிமக் கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதும் 25,000. உரிமம் 5 ஆண்டு. காவலாளி 18 வயது நிறைந்து 65 வயதுக்குள் இருக்க வேண்டும், முன்நடத்தை சரிபார்க்கப்பட வேண்டும். மாதிரி விதிகளின்படி பயிற்சி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களம். முன்னாள் ராணுவத்தார், காவல்துறையினருக்கு 40 மணியும் 16 மணியும். 15 காவலாளிக்கு ஒரு மேற்பார்வையாளர். காவல்துறைச் சீருடை மாதிரி உடை போட்டு அனுப்பினால் அதுவே குற்றம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் தனித்தனி மாவட்டம். பொள்ளாச்சி கோவை மாவட்டத்திலேயே வருகிறது. ஆனால் என் கருத்து: இப்போதைக்கு அந்தத் தொழிலைத் தொடாதீர்கள். ஆள் வழங்கும் தொழிலின் லாபமும் தலைவலியும் வேறு வகை.

உரிமம் வேண்டாம் என்பதால் சரிபார்ப்பும் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஆள் ஒரு வீட்டுக்குள் போய் பீரோ எங்கே, எந்தக் கதவு பலவீனம், எந்த மூலை கேமராவில் விழாது என்று எல்லாம் பார்த்துவிட்டு வருகிறான். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையிலேயே ஊழியர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது வரும் வரை புதிய ஆளைத் தனியாக எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது; ஹெல்பராக மட்டும். முந்தைய இரண்டு முதலாளிகளையும் நீங்களே போனில் பேசிக் கேளுங்கள். "ஏன் போனான்" என்று கேட்டால் பொதுவாகப் பதில் வரும். "திரும்ப வந்தால் எடுப்பீர்களா" என்று கேளுங்கள், உண்மை வரும்.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அது வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்து நகலை வைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

#7 பிஓஇ_பாண்டி

மூணாவது கேள்வி, டெக்னீஷியன் தேர்வு. வாயால கேள்வி கேட்டு ஆள் எடுக்காதீங்க. மேஜையில பொருளை வெச்சு ஒண்ணரை மணி நேரம் கொடுங்க.

முதல் அரை மணி: 3+1 கேபிள்ல (பவர் ஒயரும் படம் போற ஒயரும் ஒண்ணா வர்றது) ரெண்டு பிஎன்சி (படம் போற ஒயரோட கனெக்டர்), ஒரு டிசி பின் (பவர் கனெக்டர்). கேட்-6ல (நெட்வொர்க் கேபிள்) ரெண்டு முனை கிரிம்ப் (கனெக்டரைக் கவ்வ வைக்கறது). வரிசை பி முறை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. டெஸ்டர்ல 8 விளக்கும் வரிசையா எரியணும். முடிச்சதும் கனெக்டரைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. வெளியுறை பிளாஸ்டிக் கவ்விக்குள்ள போகாம வெறும் ஒயர்ல தொங்கினா, அந்த ஆள் போட்ட எல்லா சைட்டும் ஆறு மாசத்துல உங்களைக் கூப்பிடும்.

அடுத்த ஒரு மணி: நாலு பழுது வெச்ச ஒரு செட்டப்.
- டிசி பின்ல பிளஸ் மைனஸ் மாத்தி வெச்ச ஒரு கேமரா
- டிவிஆர் உள்ளே ஹார்ட் டிஸ்க்கோட பவர் ஒயர் லூஸ்
- ஒரே ஐபி முகவரி கொடுத்த ரெண்டு கேமரா
- 9 வோல்ட் மட்டும் தர்ற சாகப் போற எஸ்எம்பிஎஸ்

நாலையும் கண்டுபிடிக்கணும்னு இல்லை. மல்டிமீட்டரை எப்போ கையில எடுக்கறான்னு மட்டும் பாருங்க. முதல்லயே "கேமரா போச்சு, மாத்தணும்"னு சொல்றவன் உங்க வாரண்டி சரக்கை எல்லாம் தின்னுடுவான்.

கடைசியா ஒரு கணக்கு: 2 மெகாபிக்சல் கேமரா 4, எச்.265 (படத்தைச் சுருக்கிப் பதியற முறை), ஒவ்வொண்ணும் விநாடிக்கு 2 மெகாபிட், 24 மணி நேரமும் பதிவு. 1 டிபி எத்தனை நாள் வரும்? ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, நாலுக்கு 86.4 ஜிபி. பதினொரு நாள் சொச்சம். "ஒரு மாசம் வரும்"னு வாடிக்கையாளர்கிட்ட சொல்ற ஆள்தான் பின்னால சண்டை இழுத்து வைப்பான். விற்பனை ஆளுக்கும் இதே கேள்வியைக் கொடுங்க.

எங்கே ஆள் தேடறது? ஐடிஐ எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் படிச்ச பசங்க கை வேலைக்கு நல்லா வருவாங்க, நெட்வொர்க் நாம சொல்லிக்கொடுக்கணும். டிப்ளமா ஈசிஈ நேர் எதிர்: ஐபி முகவரி தெரியும், டிரில் பிடிச்சா கை நடுங்கும். ரெண்டையும் ஜோடி போடுங்க. எலக்ட்ரானிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலோட சிசிடிவி பொருத்துநர் சான்றிதழ் இருந்தா நல்லது, ஆனா அதுக்காகவே மேஜைத் தேர்வை விட்டுடாதீங்க. தமிழ்நாடு அரசோட தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்துல இலவசமா விளம்பரம் போடலாம்.

அப்ரண்டிஸ் எடுக்கறதும் யோசிங்க. 30 பேரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் கட்டாயம், உங்களுக்கு விருப்பம்தான். தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்துல உதவித்தொகையில 25 சதவீதம், மாசம் அதிகபட்சம் 1,500 ரூபாய் அரசு தரும்.

#8 உப்புக்காற்று

தூத்துக்குடிப் பக்கம் இருந்து எழுதறேன். பாண்டி தம்பி சொன்ன தேர்வுல ஒண்ணு விட்டுட்டாங்க: கேபிள் அடையாளம். ரெண்டு துண்டு வைங்க, ஒண்ணு முழுச் செம்பு, ஒண்ணு அலுமினியத்து மேல செம்பு பூச்சு. பிளேடால சுரண்டிப் பார்த்தா வெள்ளையா தெரியும், தூக்கினாலே எடை சொல்லிடும். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் கிளையில சரக்கு இறக்கிக் கையெழுத்துப் போடக் கூடாது.

ஏன்னா கணக்கு இது. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 60 மீட்டர் தூரம், போக வர 120 மீட்டர். தடை சுமார் 4.1 ஓம். ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தா 1.6 வோல்ட் குறையும். 12 போய் 10.4 வரும், கேமரா தாங்கும். அதே இடத்துல அலுமினியக் கம்பின்னா 2.6 வோல்ட் போயிடும், 9.4தான் மிஞ்சும். கடையில வாங்கற 3+1ல பவர் ஒயர் அரை மில்லிமீட்டருக்கும் கம்மியாத்தான் இருக்கும், அப்போ இன்னும் மோசம். பகல்ல படம் ஜம்முனு வரும், ராத்திரி ஏழு மணிக்கு மேல கேமரா விட்டு விட்டு எரியும். டெக்னீஷியன் பகல்ல வந்து பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு போயிடுவான். மூணு விசிட் வீண். அதனால ஒப்படைக்கறதுக்கு முன்னாடி லென்ஸ் பக்கத்து ஒளி உணரியைக் கையால மூடி, அகச்சிவப்பு எரியும்போது கேமரா முனையில வோல்ட் அளந்து படிவத்துல எழுதச் சொல்லுங்க.

ஒரு ஜோடி டெக்னீஷியனுக்கு என்ன கருவி? ரோட்டரி ஹேமர் ஒண்ணு. 6, 8, 10 மில்லி பிட். சுவர் துளைக்க 16 மில்லி, 18 அங்குல நீள பிட். 9 அங்குலச் சுவருக்கு மேல பூச்சு, டைல்ஸ் சேர்ந்தா சாதா பிட் பத்தாது. கிரிம்பர், லேன் டெஸ்டர், மல்டிமீட்டர், கைக்கேமரா டெஸ்டர் (இது விலை கூட, ஆனா ஒரு ஆள் மேலேயும் ஒரு ஆள் டிவி முன்னாடியும் கத்திட்டு இருக்கறது மிச்சம்), ஒயர் இழுக்க நைலான் ஸ்பிரிங் 30 மீட்டர், மடக்கற அலுமினிய ஏணி, இடுப்பு பெல்ட். தூசி பிடிக்க ஒரு பழைய பெட்ஷீட்டும் ஒரு துடைப்பமும். வாடிக்கையாளர் வீட்டம்மா மார்க் போடறது படத்துக்கு இல்லை, துளை போட்ட இடத்துல தூசி இருக்கான்னுதான்.

எங்க பக்கம் உப்புல பிஎன்சி பச்சை பூத்துடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனா பனியன் கம்பெனி சாயப்பட்டறைப் பக்கம் வீடுன்னா ஆவி அரிப்பு உண்டு, வெளியில வர்ற எல்லா இணைப்பும் 4க்கு 4 பெட்டிக்குள்ள, ஒயர் கீழேயிருந்து நுழையற மாதிரி.

#9 தொழில்_தராசு

> ஒரு ஜோடி டெக்னீஷியனுக்கு

ஜோடி என்றால் செலவு இரட்டிப்பு. திருப்பூரில் ஏற்கெனவே சொந்தமாக வேலை பார்க்கும் பையன்கள் நிறைய. ஒரு கேமராவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தால் பிஎஃப், ஈஎஸ்ஐ, பெட்ரோல் ஒன்றும் இல்லை. இன்ஸ்டாலேஷனை அவர்களிடம் விட்டுவிட்டு, சர்வீஸுக்கு மட்டும் சொந்த ஆள் வைக்கலாமே?

#10 பழைய_ஃபோர்மேன்

விடலாம், ஒரு நிபந்தனையோட. பீஸ் ரேட்ல வர்ற பையன் எத்தனை கேமரா தொங்கவிட்டான்ங்கறதுதான் அவன் கணக்கு. பெட்டி போடாம சுவரோட ஒட்டி விட்டுட்டுப் போவான். அதைச் சரி பண்ணற வேலை உங்க சர்வீஸ் ஆளுக்கு. அதனால கேபிள் இழுக்கறது, பைப், கேசிங் வரைக்கும் அவங்ககிட்ட கொடுங்க. முனை போடறது, டிவிஆர் கட்டமைக்கறது, ஆப் சொல்லிக்கொடுக்கறது உங்க ஆள். கூலியில 10 சதவீதத்தை 90 நாள் கழிச்சுக் கொடுக்கறதா எழுதிப் பேசுங்க, அதுக்குள்ள பழுது வந்தா அவரே வந்து பார்க்கணும்.

சட்டத்துல இன்னொரு சிக்கல் இருக்கு, அக்கா சொல்வாங்க.

#11 கணக்கு_அக்கா

ஆமாம். ஒப்பந்தப் பையன் உங்கள் வேலையில் இருக்கும்போது ஏணியில் இருந்து விழுந்தால், அவர் ஒப்பந்தக்காரருக்கு ஈஎஸ்ஐ இல்லையென்றால் முதன்மை நிறுவனம் என்ற முறையில் உங்களிடம்தான் வருவார்கள். வருடம் முழுக்க உங்கள் டிஷர்ட் போட்டு உங்களுக்கு மட்டும் வேலை செய்கிறவரை "ஒப்பந்தம்" என்று எழுதினால் அது ஆய்வில் நிற்காது.

#12 லாக்அவுட்

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கிளை திறந்தால் முதலில் கசிவது பாஸ்வேர்டு.

இந்த ஊர் நடைமுறை: டெக்னீஷியன் தன் போனில், தன் கணக்கில் டிவிஆரைச் சேர்ப்பார், அதிலிருந்து வாடிக்கையாளருக்குப் பகிர்வார். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, நிறுவனத்தின் பெயரும் 123ம். ஒரு வருடத்தில் அவர் வேலையை விட்டுப் போகிறார். 100 வீட்டுப் படுக்கையறை வாசலும் அவர் போனில். இதற்குப் பூட்டு விற்கும் நிறுவனம் என்று பெயர்.

முறை இப்படி இருக்கட்டும்:

கருவியை வாடிக்கையாளர் போனில், அவர் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். முதன்மைப் பாஸ்வேர்டை அவரே தட்டட்டும், மீட்பு மின்னஞ்சல் அவருடையது. டிவிஆரில் சர்வீஸுக்கு என்று தனிப் பயனர், நேரலை பார்க்கும் உரிமை இல்லாமல், அமைப்பு மாற்றும் உரிமை மட்டும். பாஸ்வேர்டு வீட்டுக்கு வீடு வேறு. அது கோவை அலுவலகத்தில் ஒரே இடத்தில் இருக்கும். வாடிக்கையாளர் புகார் பதிவாகி அழைப்பு எண் திறந்தால் மட்டும் டெக்னீஷியனுக்கு எடுத்துக் கொடுக்கப்படும், வேலை முடிந்ததும் மாற்றப்படும். போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து டிவிஆருக்கு நேராக வழி திறந்து விடுவது) வேண்டவே வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்துத்தான் பல பெரிய இணையதளங்களை ஒரு நாள் முடக்கியது.

ஆள் விலகும் நாளில் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள்: அடையாள அட்டை, சிம், கருவிப் பை, லாக் மாஸ்டர் கார்டு திரும்ப வாங்குவது; அவர் கடைசி 90 நாளில் தொட்ட வீடுகளின் சர்வீஸ் பாஸ்வேர்டு மாற்றுவது; அந்த வீடுகளுக்கு "இவர் இனி எங்கள் ஊழியர் அல்ல" என்று செய்தி அனுப்புவது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

நியமனக் கடிதத்திலேயே காட்சிப் பதிவை நகல் எடுக்கவோ பகிரவோ கூடாது என்று ஒரு வரி சேருங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வாடிக்கையாளரின் பெயர், போன், வரைபடம், பாஸ்வேர்டு தாள் எல்லாமே நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தரவு. வாட்ஸ்அப் குழுவில் வீட்டு முகவரியோடு டிவிஆர் திரைப் படத்தைப் போடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

#13 நொய்யல்வாசி

லாக்அவுட் சார், இந்த அடி தேவையானதுதான். நான்காம் கேள்வி இன்னும் நிற்கிறது: சரக்கு?

#14 உப்புக்காற்று

ரெண்டு வாரச் சரக்குக்கு மேல வேண்டாம். கோவை 50 கிலோமீட்டர்தான், காலையில பஸ்ல போட்டா மதியம் வந்துடும். திருப்பூருக்கு ஆரம்பத்துல: புல்லட் 12, டோம் 12, 4 சேனல் டிவிஆர் 2, 8 சேனல் 1, 1 டிபி டிஸ்க் 3, 3+1 கேபிள் 90 மீட்டர் சுருள் 6, கேட்-6 ஒரு பெட்டி (305 மீட்டர்), பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே பவரும் தர்றது) 4 போர்ட் 2, எஸ்எம்பிஎஸ் 5 ஆம்பியர் 4, 10 ஆம்பியர் 2. பிஎன்சி, டிசி பின் 100 போல. விக்கறதுக்கு வெச்சதும் சர்வீஸுக்கு வெச்சதும் வேற வேற அலமாரி.

மாத்துக் கருவி தனியா: ஒரு டிவிஆர், ரெண்டு கேமரா, ஒரு டிஸ்க். மேல சிவப்பு ஸ்டிக்கர். வாரண்டிக்குப் போன பொருள் திரும்பி வர நாள் ஆகும், அதுவரைக்கும் வீடு குருடா இருக்கக் கூடாது. மாத்துக் கருவி ஒரு வீட்டுல போய் அப்படியே குடியேறிடும், அதனால யார் வீட்டுல எந்த சீரியல் எண் இருக்குன்னு இன்சார்ஜ் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கணும். வீட்டுல இருந்து டிஸ்க் கழட்டும்போது அதுல அவங்க பதிவு இருக்கும்ங்கறதையும் மறக்க வேண்டாம். கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடுக்கணும்.

பெட்டியில பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கான்னு பாருங்க. 2025 ஏப்ரல் 9ல இருந்து சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை விதி வந்துடுச்சு, மலிவாக் கிடைக்குதுன்னு பெயர் தெரியாத சரக்கை கிளைக்குத் தள்ளிவிடற வேலை வேண்டாம்.

#15 பிஓஇ_பாண்டி

அலாரம் விக்கறீங்கன்னா ஒண்ணு. 2ஜி மட்டும் உள்ள ஜிஎஸ்எம் பேனல்ல (சிம் போட்டு ஓடற அலாரம் பெட்டி) ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. புது ஆளுங்க இதுலதான் அரை நாள் போராடுவாங்க. ப்ரீபெய்டு சிம் போட்டா ரீசார்ஜ் தேதியை யார் பார்க்கறதுன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. அலாரம் அடிக்காத பாதிக் கேசுல பேனல் நல்லா இருக்கும், சிம் செத்திருக்கும். பிஐஆர் சென்சார் (உடம்புச் சூட்டை வெச்சு ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கறது) 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்துல, ஜன்னல் வெயிலையும் ஏசி காத்தையும் பார்க்காம.

ஸ்மார்ட் லாக்குக்கு சர்வே படிவத்துல மூணு வரி கட்டாயம்: கதவோட கனம், ஒத்தைக் கதவா இரட்டைக் கதவா, மழைக்காலத்துல நிலையில இடிக்குதா. மரம் உப்பினா போல்ட் குழிக்குள்ள இறங்காது, மோட்டார் திணறி பேட்டரி காலி ஆகும். லாக்கைக் குறை சொல்லிட்டு இருப்பாங்க, வேலை ஆசாரிக்கு.

#16 தொழில்_தராசு

விற்பனை ஆளுக்கு ஊக்கத்தொகை பற்றி: ஆர்டர் வந்ததும் கொடுத்தால் ஒன்பது கேமரா வேண்டிய வீட்டுக்கு நான்கு என்று விலை சொல்லிவிட்டு வருவார். பணம் முழுதாக வசூலான பிறகு பாதி, 60 நாள் புகார் இல்லாமல் கழிந்தபின் மீதி. சர்வேயை விற்பனை ஆள் செய்யக் கூடாது, டெக்னீஷியன் செய்யட்டும்.

பகலில் வீட்டில் பெண்களும் வயதானவர்களும் மட்டும் இருக்கும் வீடுகளே அதிகம். ஆப் சொல்லிக்கொடுக்கவும், பராமரிப்பு நேரம் குறிக்கவும் ஒரு பெண் ஊழியரை எடுங்கள். போகும் டெக்னீஷியனின் படமும் பெயரும் முன்கூட்டியே அவர் போனுக்கு வரட்டும்.

#17 நொய்யல்வாசி

இப்போது மாற்றிய திட்டம்: திருப்பூரில் மட்டும் கடை. டெக்னீஷியன் 2, ஹெல்பர் 1, விற்பனை 1, அலுவலகத்துக்கு ஒரு பெண் ஊழியர். மூத்த டெக்னீஷியனே இன்சார்ஜ், தனி இன்சார்ஜ் இல்லை. ஈரோட்டில் குடியிருக்கும் டெக்னீஷியன் 1. பொள்ளாச்சி, கோவையிலிருந்து வியாழன்தோறும். ஆக 6 பேர், மொத்தம் 20. பிஎஃப் வந்துவிடுகிறது, பரவாயில்லை, ஆட்கள் நிற்பதற்கும் அது ஒரு காரணமாகட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும்: ஈரோட்டு ஆள் வீட்டு அலமாரியில் சரக்கு வைத்தால் அதையும் ஜிஎஸ்டியில் கூடுதல் இடமாகக் காட்ட வேண்டுமா?

#18 கணக்கு_அக்கா

விற்பனைச் சரக்கை அங்கே வழக்கமாக இருப்பு வைத்து அங்கிருந்தே பில் போட்டால் காட்ட வேண்டும். அவர் வீட்டைக் காட்டப் போனால் வீட்டு உரிமையாளர் சம்மதம், மின் ரசீது எல்லாம் வரும்; வாடகை வீடென்றால் அவருக்குத்தான் சங்கடம். அதனால் அங்கே கருவிப் பை, சிவப்பு ஸ்டிக்கர் மாற்றுக் கருவி, கனெக்டர், எஸ்எம்பிஎஸ் அளவோடு நிறுத்துங்கள். அதையும் சலான் போட்டு அவர் பெயரில் கொடுத்து, மாதம் ஒருமுறை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். புது இன்ஸ்டாலேஷன் சரக்கு கோவையிலிருந்து வாடிக்கையாளர் பெயரில் பில்லோடு நேராக வீட்டுக்குப் போகட்டும்.

#19 பழைய_ஃபோர்மேன்

ஈரோட்டு ஆளுக்கு ஏணி கொடுக்கறப்போ மடக்கு ஏணியாப் பார்த்து வாங்குங்க, 3.8 மீட்டர் போதும். ஹெல்பர் இல்லாத ஆள் தனியா டூவீலர்ல எடுத்துட்டுப் போகணும். ரெண்டாவது மாடி சன்ஷேடுக்கு மேல வேலைன்னா தனியா ஏறக் கூடாது, திருப்பூர்ல இருந்து ஹெல்பர் வர்ற நாள்ல குறிச்சுக்கணும்னு கடிதத்துலயே எழுதிடுங்க.